வெளிநாட்டு வேட்டைப் பயணம்: கொட்டேஷனில் வராத செலவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவது எப்படி?

வழிகாட்டியோடு வெளிநாட்டில் வேட்டைக்குப் போக முதன்முறையாகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தொகையைத்தான் பார்க்கிறார்கள். வேட்டையை ஏற்பாடு செய்துதரும் நிறுவனத்தார், அதாவது அவுட்ஃபிட்டர், அனுப்பும் கொட்டேஷனின் அடியில் இருக்கும் தொகை அது. அதை நம்பிப் பணம் சேர்த்து, முன்பணமும் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகையில் பொய் எதுவும் இருக்காது, ஆனால் அது வேட்டை நடக்கும் சில நாட்களுக்கான செலவு மட்டுமே. அங்கே போய்ச் சேர்வது, துப்பாக்கியைக் கொண்டுபோவது, கொம்பும் தோலும் கப்பலிலோ விமானத்திலோ ஏறி வீடு வருவது எல்லாம் தனி. மான், வரிக்குதிரை, காட்டுப்பன்றி போன்ற ஆப்பிரிக்கச் சமவெளி மிருகங்களைப் பொறுத்தவரை, எல்லாம் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது கொட்டேஷனைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருப்பது சகஜம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பணம் இழுபறியாக இருக்கிற வேட்டைக்காரர் அவசரப்படுவார். மிருகம் சரியாகத் திரும்பி நிற்கும்வரை காத்திருக்க மாட்டார், காயம்பட்டதைத் தேடிப் போக இன்னொரு நாள் ஒதுக்கத் தயங்குவார். அதன் விலையை மிருகம்தான் கொடுக்கிறது. குறிபார்க்கும் நேரத்தில் மனத்துக்குள் கணக்கு ஓடக் கூடாது என்றால், அந்தக் கணக்கை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும்.

முதல் படி: நாடும் மிருகமும்

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் வசிக்கும் நாடு எதை உள்ளே விடும் என்று பாருங்கள். சிங்கத்தின் பாகங்களை வேட்டைச் சின்னமாகக் கொண்டுவர ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 2015-இல் தடை விதித்தன. நெதர்லாந்து 2016-இல் இன்னும் நீண்ட பட்டியலையே தடை செய்தது. வேட்டையாடுகிற நாட்டில் சட்டப்படி சுட்டதாகவே இருந்தாலும், சொந்த நாட்டுச் சுங்கத்தில் அது நின்றுவிட்டால் செலவழித்ததெல்லாம் வீண். வேட்டை நாட்டின் சட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014-இல் தடை போட்டு 2019-இல் நீக்கியது.

அடுத்தது, விலை போடும் முறை. இது இடத்துக்கு இடம் மாறும். புதியவர்கள் பலரும் இதைக் கவனிக்காமல் ஒரு கண்டத்து விலையை இன்னொரு கண்டத்து விலையோடு ஒப்பிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியா போன்ற இடங்களில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம், சுட்ட ஒவ்வொரு மிருகத்துக்கும் ‘டிராபி ஃபீ’ என்று தனிக் கட்டணம். மிருகம் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது கட்டணம் இல்லை. வட அமெரிக்காவில் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை. வெறுங்கையோடு திரும்பினாலும் அது திரும்பி வராது. அரசு உரிமமும், அந்த மிருகத்தைச் சுட அனுமதிக்கும் ‘டேக்’ என்ற சீட்டும் அதற்கு மேல் தனி. அலாஸ்காவில் வெளிநாட்டவர் எந்தப் பெரிய மிருகத்தை வேட்டையாடுவதானாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் என்பதால், வழிகாட்டியைத் தவிர்த்துச் செலவைக் குறைக்கும் யோசனைக்கே அங்கே இடமில்லை. சிறு விமானத்தில் காட்டுக்குள் இறங்கும் இடங்களில் மழையும் மூடுபனியும் இரண்டு மூன்று நாட்களை விழுங்கிவிடும். அந்த நாட்களின் ஹோட்டல் செலவும் உங்கள் தலையில்தான்.

ஐரோப்பாவின் சில பகுதிகளிலும் நியூசிலாந்திலும் செம்மானுக்குக் கொம்பின் எடையையோ அளவையோ வைத்து விலை. இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். தூரத்திலிருந்து வழிகாட்டி மதிப்பிடுவது ஒன்றாகவும், சுட்டபின் அளந்தால் வருவது வேறாகவும் இருக்கலாம். ‘என் உச்சவரம்பு இவ்வளவு, அதற்கு மேல் போனால் யார் பொறுப்பு?’ என்பதை எழுத்தில் வாங்காமல் துப்பாக்கியைத் தூக்காதீர்கள்.

சிங்கம், சிறுத்தை, காட்டெருமை என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. தான்சானியாவில் சிங்கத்துக்கான வேட்டை குறைந்தது 21 நாள். நாள் கட்டணம் 21 முறை பெருகும், அரசுக் கட்டணங்கள் அதன்மேல் ஏறும், வேட்டைப் பகுதிக்குப் போக சார்ட்டர் விமானமும் வேண்டியிருக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. சமவெளி மிருகங்களில் தொடங்குங்கள். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியும் அதை வைத்துத்தான்.

இரண்டாம் படி: விலைப்பட்டியலை வரிவரியாகப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது, எந்த நாணயம் என்பது. நமீபியாவின் நாணயத்துக்கும் டாலர் என்றுதான் பெயர். அதன் மதிப்பு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமாகக் கட்டப்பட்டது. வெளிநாட்டவருக்கான பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க டாலரிலோ யூரோவிலோ இருக்கும், ஆனால் முகாமில் வாங்கும் சில்லறைப் பொருட்களும் வண்டிக் கட்டணமும் உள்ளூர் நாணயத்தில் இருக்கலாம். தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

பிறகு வரி. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். பட்டியலில் உள்ள விலை அதைச் சேர்த்ததா, சேர்க்காததா? ஒரு சின்ன வரியில் ‘வரி தனி’ என்று எழுதியிருந்தால் பல நூறு டாலர் கூடிவிடும்.

நாள் கட்டணம் என்பது பொதுவாக ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு தொழில்முறை வழிகாட்டி என்ற கணக்கில் போடப்படும். அங்கே எல்லாரும் இவரைப் பி.எச். (புரொஃபஷனல் ஹன்டர்) என்றே அழைப்பார்கள். இரண்டு வேட்டைக்காரர்கள் ஒரே பி.எச்.சைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் கட்டணம் குறையும். ஆனால் சுடும் வாய்ப்பும் பாதியாகும். நல்ல நண்பரோடு போகிறவர்களுக்கு இது பொருந்தும். அறிமுகமில்லாதவரோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் வேட்டை நாட்களாக எண்ணப்படுவதில்லை. அவற்றுக்கும் தங்கும் கட்டணம் உண்டு. துணைவரோ பிள்ளைகளோ கூட வந்தால் அவர்களுக்குப் பார்வையாளர் கட்டணம் நாள்தோறும் தனி. விமான நிலையத்திலிருந்து பண்ணைக்குப் போக வர வண்டி தனி. நீங்கள் கேட்ட மிருகம் அந்தப் பண்ணையில் இல்லாமல் நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு நிலத்தில் இருந்தால் அந்த ஓட்டமும் தனி. ‘இதெல்லாம் சேர்ந்ததா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நேர்மையான அவுட்ஃபிட்டர் இந்தக் கேள்விகளுக்குப் பழகியவர்.

‘ஏழு நாள், ஐந்து மிருகம், ஒரே விலை’ என்ற பேக்கேஜ்கள் புதியவர்களை வெகுவாகக் கவரும். கணக்குப் போடச் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தில் இரண்டு மிருகம் உங்களுக்கு ஆர்வமே இல்லாதவையாக இருக்கும், அவற்றைச் சுடாவிட்டாலும் பணம் திரும்பாது. பணம் கட்டியாயிற்றே என்பதற்காக ஒரு உயிரைச் சுடும் நிலைக்கு யாரும் போகக் கூடாது. உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய இரண்டு மூன்று மிருகங்களைத் தனித்தனி விலையில் கேட்டு வாங்குவதே மேல்.

மூன்றாம் படி: காயம்பட்ட மிருகத்துக்கு ஒதுக்கும் பணம்

ஆப்பிரிக்க ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் விதி இது: ரத்தம் சிந்திவிட்டால், மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழு டிராபி ஃபீ கட்ட வேண்டும். தரையில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடம் பார்ப்பவர் காட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும். இந்த விதி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். காயத்தோடு ஓடிய மிருகம் பெரும்பாலும் பிழைக்காது, நிலத்துக்காரருக்கு அது இழப்பு. அதோடு இந்த விதி சுடுபவரின் விரலைக் கொஞ்சம் நிதானமாக வைத்திருக்கும்.

ஆகவே பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்த மிருகங்களில் விலை அதிகமானது எதுவோ, அதன் கட்டணத்துக்குச் சமமான தொகையை அவசர நிதியாகத் தனியே வையுங்கள். குடு மானுக்கு 2,200 டாலர் என்றால், இன்னொரு 2,200 கையிருப்பில் இருக்க வேண்டும். தேவைப்படாவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும். இந்த ஒதுக்கீடு இல்லாமல் போகிறவர்கள்தான் காயம்பட்ட மிருகத்தின் தடத்தை மதியத்தோடு கைவிட்டுவிட்டு, ‘அது தப்பித்திருக்கும்’ என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள்.

இந்தச் செலவைக் குறைக்க ஒரே வழி, கிளம்புவதற்கு முன் பல மாதம் சுட்டுப் பழகுவது. மேஜையில் சாய்ந்து சுடுவதில் மட்டும் திருப்திப்படாதீர்கள். அங்கே பெரும்பாலும் மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, நின்றபடி, மூச்சிரைக்கச் சுட வேண்டியிருக்கும். பயிற்சிக்கு ஆகும் தோட்டாச் செலவையும் பயணச் செலவோடு சேர்த்தே எழுதுங்கள்.

நான்காம் படி: பயணமும் துப்பாக்கியும்

சொந்தத் துப்பாக்கியா, வாடகையா? சொந்தத் துப்பாக்கி பழகிய கைக்கு இதமானது. ஆனால் அதற்கான செலவு அனுமதிக் கட்டணத்தோடு நிற்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் தற்காலிக இறக்குமதிக்கு எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற போலீஸ் படிவம் நிரப்ப வேண்டும். கறுப்பு மையில் நிரப்பி, அதிகாரியின் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்துக்குக் காசில்லை. ஆனால் நீண்ட பயணம் முடிந்து ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி வரிசையில் நிற்பதைத் தவிர்க்க, முன்னனுமதி வாங்கித்தரும் முகவருக்குப் பலரும் பணம் கொடுக்கிறார்கள். அந்த வரிசையால் இணைப்பு விமானம் தவறினால் ஒரு இரவு ஹோட்டல். கனடாவில் தற்காலிக அறிவிப்புக்கு 25 கனடிய டாலர். அது 60 நாள் செல்லும்.

தோட்டாக்களை விமானத்தில் கொண்டுபோக ஒருவருக்கு 5 கிலோ என்பதே பொதுவான வரம்பு. சில விமான நிறுவனங்கள் துப்பாக்கிக்குத் தனிக் கட்டணம் வாங்கும், சில ஏற்றவே ஏற்றாது. இடையில் விமானம் மாறும் நாடு துப்பாக்கிக்குத் தனி அனுமதி கேட்கலாம். பூட்டுள்ள கெட்டியான பெட்டியின் விலையும் இருக்கிறது. மலிவான டிக்கெட் என்று எடுத்துவிட்டுப் பிறகு இவற்றைப் பார்த்தால், மலிவு மலிவாக இருக்காது. டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

முதல் பயணத்துக்கு முகாமிலேயே வாடகைக்கு எடுப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். நாள் வாடகையும் தோட்டா விலையும் கொடுத்தால் முடிந்தது. முதல் நாள் காலையில் குறி சரிபார்க்க நிறையச் சுட அனுமதி கேளுங்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு விஷயம் கவனியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் வேட்டை விலக்கப்பட்டிருக்கும். வேட்டையைப் பெயர் சொல்லிச் சேர்த்த, தொலைதூரப் பகுதியிலிருந்து விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கிற பாலிசி வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலேரியா மாத்திரை, தடுப்பூசி, விசா எல்லாம் சிறு தொகைகள்தான், ஆனாலும் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: முகாமின் கடைசி இரவு

கடைசி நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பி.எச். ஒரு தாளோடு வந்து உட்காருவார். சுட்ட மிருகங்கள், நாட்கள், வாடகை, மது, வரி எல்லாம் ஒவ்வொரு வரியாக இருக்கும். முன்பணம் போக மீதியை அங்கேயே தீர்க்க வேண்டும். கிரெடிட் கார்டு என்றால் சில இடங்களில் கூடுதலாகச் சில சதவீதம் போடுவார்கள். வங்கி மாற்றத்துக்கும் கட்டணம் உண்டு. ஒவ்வொரு நாளும் இரவில் நீங்களே ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்தால், அந்தத் தாள் எந்த அதிர்ச்சியும் தராது.

அன்பளிப்பு அந்தத் தாளில் இருக்காது. ஆனாலும் அதைக் கட்டாயச் செலவாகவே வையுங்கள். பி.எச்.சுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை மறந்துவிடக் கூடாது. விடியும் முன் எழுந்து வெறும் மண்ணில் குளம்படியைப் படிக்கிற தடம் பார்ப்பவர், நீங்கள் தூங்கும்போது தோலை உரித்து உப்புத் தேய்க்கிறவர், சமையல்காரர், அறையைச் சுத்தம் செய்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் ரொக்கமாகக் கொடுப்பது நல்லது. எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்று முன்பணம் கட்டும்போதே கேட்டு, அந்த ரொக்கத்தைத் தனியே எடுத்துப்போங்கள்.

இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் வேண்டாம். பண்ணையில் அது நிலத்துக்காரருக்கு. நமீபியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் உருவான சமூகக் காப்பு நிலங்களில், அது ஊர் மக்களுக்குப் போகிறது.

ஆறாம் படி: சுட்ட பிறகு தொடங்கும் செலவு

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது இந்தப் படிக்கு அப்படியே பொருந்தும். புதியவர்களின் கையைக் கடிப்பது இதுதான், இதைப் பற்றித்தான் கொட்டேஷனில் ஒரு வார்த்தைகூட இருக்காது.

உப்பிட்டுக் காய்ந்த தோலும் சுத்தம் செய்த மண்டையோடும் முகாமிலிருந்து ஒரு பாடம் செய்யும் கூடத்துக்குப் போகும். தோலைப் பதப்படுத்தி, உயிருள்ள மிருகம் போலவே வடிவமைப்பதுதான் பாடம் செய்வது. அங்கே இரண்டு வழி. ஒன்று, அங்கேயே முழுதாகப் பாடம் செய்து அனுப்புவது. மற்றொன்று, கிருமி நீக்க மருந்தில் முக்கிக் காயவைத்துப் பெட்டி கட்டி மட்டும் அனுப்புவது. ‘டிப் அண்ட் பேக்’ என்பார்கள். பாடம் செய்வது பிறகு உங்கள் நாட்டில். அங்கே பாடம் செய்யும் கூலி பெரும்பாலும் குறைவு என்பதால் பலர் முதல் வழியைப் பிடிக்கிறார்கள். அனுப்பும் செலவைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரியும்.

விமானச் சரக்கில் எடையை விட இடத்துக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வது வழக்கம். உண்மை எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். தோள்வரை பாடம் செய்த குடுத் தலை ஒன்றுக்கு 150 x 100 x 100 பெட்டி என்று வையுங்கள். 15 லட்சத்தை 6,000-ஆல் வகுத்தால் 250 கிலோ. உள்ளே இருப்பது கொம்பும் தோலும் நுரையும். தராசில் அதில் பாதிகூட வராது. அதே மிருகத்தின் மடித்த தோலையும் கொம்போடு மண்டையோட்டையும் 120 x 80 x 60 பெட்டியில் வைத்தால் 96 கிலோதான், அதில் இன்னும் ஓரிரு மிருகங்களின் பாகங்களுக்கும் இடமிருக்கும். பெட்டி மரமானால், மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போவதைத் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி பதப்படுத்தி முத்திரை குத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும் துறைமுகத்திலேயே தகராறு.

இதோடு கால்நடை மருத்துவச் சான்று, ஏற்றுமதி அனுமதி, ஆவணக் கட்டணம், சரக்குக் காப்பீடு சேரும். உங்கள் ஊர் விமான நிலையத்தில் கிளியரிங் ஏஜென்ட், சுங்கம், கிடங்கு வாடகை என்று இன்னொரு வரிசை. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களையும் பார்க்க வேண்டும். குடு, ஜெம்ஸ்பொக், ஸ்பிரிங்பொக் ஆகிய மான் வகைகளும் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றியும் அதில் இல்லை. ஹார்ட்மன் மலை வரிக்குதிரை இரண்டாம் பட்டியலில் இருப்பதால் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி தேவை. சிறுத்தை முதல் பட்டியலில் இருப்பதால் இறக்குமதி அனுமதியும் கையில் இருந்தால்தான் நகரும். ஒரு தாளில் ஒரு எண் தவறினாலும் பெட்டி கிடங்கில் கிடக்கும், வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே எதை வீட்டுக்குக் கொண்டுவரப்போகிறீர்கள் என்பதை, துப்பாக்கியைத் தொடும் முன்பே தீர்மானியுங்கள். எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டியதில்லை. மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு தலை, மற்றவற்றுக்கு நல்ல புகைப்படம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும் தொகையை மிச்சப்படுத்துகிறார்கள். தோலில்லாமல் வெளுத்த மண்டையோடும் கொம்பும் மட்டும் வைப்பது ஐரோப்பியப் பாணி. சுவரிலும் அழகாக இருக்கும், செலவும் குறைவு.

ஏழாம் படி: ஒரு மாதிரிக் கணக்கு

நமீபியாவில் ஏழு வேட்டை நாள், நான்கு மிருகம். தொகைகள் எல்லாம் கணக்கு எப்படி ஏறுகிறது என்று காட்டுவதற்காக நான் போட்டவை, அமெரிக்க டாலரில். உங்களுக்கு வந்த விலைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் கட்டணம், 400 வீதம் 7 நாள்: 2,800
டிராபி ஃபீ, நான்கு மிருகத்துக்கும் சேர்த்து: 4,100
கொட்டேஷனில் தெரிவது: 6,900

வந்திறங்கும், கிளம்பும் நாட்கள்: 400
விமான நிலைய வண்டி: 300
துப்பாக்கி வாடகை: 350
அன்பளிப்பு: 700
விமான டிக்கெட்: 1,500
காப்பீடு, மருந்து, விசா: 500
வழியில் ஹோட்டல்: 200
டிப் அண்ட் பேக், பெட்டி, ஆவணங்கள்: 1,300
விமானச் சரக்கு: 1,400
சொந்த நாட்டில் சுங்கம், ஏஜென்ட்: 600
பாடம் செய்யும் கூலி: 3,200
மொத்தம்: 17,350

6,900 என்று தொடங்கியது இரண்டரை மடங்காகிவிட்டது. கடைசி நான்கு வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்: 6,500. எதையும் கொண்டுவராமல் படங்களோடு திரும்பினால் மொத்தம் 10,850-இல் நிற்கும். காயம்பட்ட மிருகத்துக்கான அவசர நிதி இதில் சேரவில்லை; அது தனியாகவே இருக்கட்டும்.

எட்டாம் படி: முன்பணம் அனுப்பும் முன்

இந்தப் பணம் ஒரே நேரத்தில் கையை விட்டுப் போவதில்லை என்பது ஓரளவு ஆறுதல். முன்பதிவின்போது பாதிவரை முன்பணம், அதற்குப் பிறகு டிக்கெட், முகாமில் மீதி, சில மாதம் கழித்துச் சரக்குக் கட்டணம், ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனபின் பாடம் செய்தவரின் கடைசி பில். அந்தக் கடைசி பில்லுக்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கிவைக்காதவர்களின் பெட்டிகள் கூடங்களில் தூசி படிந்து கிடக்கின்றன.

அவுட்ஃபிட்டரிடம் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நான் வர முடியாமல் போனால், அல்லது எல்லை மூடப்பட்டால், முன்பணம் என்ன ஆகும்? வேறு வருடத்துக்கு மாற்றலாமா? அவருடைய வேட்டை உரிமமும் பி.எச்.சின் உரிமமும் இந்த வருடத்துக்குச் செல்லுமா? நான் கேட்ட மிருகம் இல்லாவிட்டால் வேறொன்றைச் சுட்டே ஆக வேண்டுமா? பெட்டி அனுப்புவது யார், அவரோடு நான் நேரடியாகப் பேசலாமா? சமீபத்தில் அங்கே வேட்டையாடியவர்களில், மிருகம் கிடைக்காமல் திரும்பிய ஒருவரோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு அவர் தயங்காமல் ஒரு தொடர்பைக் கொடுத்தால், முன்பணத்தை அனுப்பலாம்.